கோழித் தீவனத்தில் விஷமா? கேள்வியை மாற்றிக் கேளுங்கள்



நம் குடும்பக் குழுவில் இந்த வாரம் மூன்றாவது முறையாக அதே செய்தி. "பிராய்லர் தீவனத்தில் துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு கலக்கிறார்கள். எல்லாம் உலோக விஷம். உடனே பகிருங்கள்." பகிர்ந்தவர்களில் இருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள். சத்துக்குறைவு பாடத்தை நான் அவ்வளவு மோசமாகவா நடத்தினேன்?

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு 14 நாளைக்கு மாத்திரை தருகிறார்களே, அது துத்தநாக மாத்திரைதான். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து இங்கே விஷம் என்கிறீர்கள்.

கறிக்கோழியின் தீவனம் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும். அவற்றில் இருக்கும் கொஞ்சம் துத்தநாகத்தையும் பைட்டேட் என்ற பொருள் கட்டிப்போட்டுவிடும். குடல் முழுதாக உறிஞ்ச முடியாது. மாங்கனீசு குறைந்தால் கால் மூட்டு வீங்கி, தசைநாண் இடம் விலகி, குஞ்சு காலைக் கோணிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தண்ணீர் இருக்கும் இடம் வரை நடக்க முடியாமலே செத்துப்போகும். நாட்டுக்கோழியாவது மண்ணைக் கிளறிப் புழு பூச்சி தின்னும். கொட்டகைக் கோழிக்கு மூட்டையில் வருவதை விட்டால் வேறு வழி கிடையாது. ஆகவே தாது உப்புக் கலவை போடத்தான் வேண்டும்.

சார் தீவனக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று அவசரப்படாதீர்கள். என் கோபம் வேறு இடத்தில்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994ல் சொன்ன தேவை, கிலோ தீவனத்துக்குத் துத்தநாகம் 40 மில்லிகிராம், தாமிரம் 8. இன்றைய கோழி வேகமாக வளர்வதால் கொஞ்சம் கூட்டலாம், சரி. நடைமுறையில் துத்தநாகம் 100 வரை போகிறது. விலை மலிவு, எதற்கும் இருக்கட்டும் என்ற கணக்கு. நான் ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு கோழி 40 நாளில் சுமார் மூன்றரை கிலோ தீவனம் தின்னும். உள்ளே போவது 350 மில்லிகிராம் துத்தநாகம். உடம்பில் தங்குவது 50 போலத்தான். மீதி 300 எச்சத்தில். 5,000 கோழிக்கு ஒன்றரை கிலோ. வருடத்துக்கு 6 பேட்ச் என்றால் 9 கிலோ. அது மக்கி அழிவதில்லை. துத்தநாகம் குறைந்த மண்ணுக்கு ஓரளவு நல்லதுதான். ஒரே காட்டில் வருடாவருடம் கொட்டினால்?

தாமிரம் இன்னும் மோசம். வளர்ச்சிக்காக 100க்கு மேல் போடும் பழக்கமும் உண்டு. அந்த எரு போட்ட காட்டில் செம்மறி மேய்ந்தால், ஆடு தாமிரத்தைக் கல்லீரலில் சேர்த்துக்கொண்டே போய், ஒருநாள் திடீரென்று காமாலை கண்டு, சிறுநீர் சிவந்து சாகும். ஐரோப்பாவில் கோழித் தீவனத்துக்குத் தாமிரம் 25, துத்தநாகம் 120 என்று சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது.

பல்லடம் பக்கம் என் பழைய மாணவன் ஒருவன் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கிறான். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்டு, உழைப்பு, எரு அவனுடையது. மூட்டையைக் காட்டச் சொன்னேன். புரதம், கொழுப்பு, நார் எல்லாம் அச்சடித்திருக்கிறது. தாமிரம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு? ஒரு எழுத்து இல்லை. சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, "உனக்கு எதுக்குப்பா அது?" என்றாராம். எருவை அவன் காட்டில்தானே கொட்டுகிறான்! அவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

"விஷம் விஷம்" என்று கத்துகிற ஒருவராவது "எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டிருக்கிறீர்களா?

கொட்டகை வைத்திருக்கும் மாணவர்கள் தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அளவு போடாத மூட்டைகளைச் சேர்த்து வைத்து, கால்நடைத் துறைக்கு நானே மனு எழுதுகிறேன். செம்மறி வைத்திருக்கும் தம்பிகள், கோழி எரு கொட்டிய காட்டுக்குள் அதை உழுது மூடும்வரை ஆட்டை விடாதீர்கள்.