விற்கும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள்

புதுச்சேரியின் பழைய வீடுகளில் பாகம் பிரிக்கும்போது தேக்குக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பேரம் நடக்கிறது. அலமாரியில் இருக்கும் பிரெஞ்சு கிறிஸ்டல் குடுவையும் கோப்பைகளும் 'மொத்தமாக ஒரு விலை' என்று போய்விடுகின்றன. பிள்ளைச்சாவடியில் இருந்துகொண்டு பல வருடங்களாக இவற்றைச் சேர்த்து வருகிறேன். விற்பதைக் குறை சொல்லவில்லை. எந்த வீட்டுப் பொருள், யார் வாங்கியது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு விற்கச் சொல்கிறேன்.

இத்தகைய கிறிஸ்டலுக்குப் பெயர்போன பிரான்சின் பக்காரா தொழிற்சாலை 1764-இல் தொடங்கியது. ஆனால் அதன் எல்லாப் பொருளின் அடியிலும் முத்திரை பொறிக்கும் வழக்கம் 1936-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒட்டியது காகித வில்லை. நாலு தடவை கழுவினால் போயிற்று. ஆகவே தாத்தா காலத்துப் பொருளுக்கு வீட்டாரின் வாய்ச்சொல்தான் பெரிய ஆதாரம்.

என்னிடம் முத்திரை இல்லாத ஒரு குடுவை இருக்கிறது. கழுத்து விளிம்பில் பொடியாக ஓர் எண்; மூடியின் தண்டிலும் அதே எண். ஒவ்வொரு மூடியையும் அதற்கான கழுத்துக்கே பொருந்தும்படி தேய்த்ததால் ஜோடி மாறாமலிருக்க இப்படிப் போடுவார்கள். வேறு மூடியைச் செருகினால் ஆடும். கொடுத்த அம்மா, "மாமனார் சைகோன்ல வேலை பார்த்தப்ப வாங்கினது, கப்பல்ல வந்துச்சு" என்றார். பிரெஞ்சு அரசின் இந்தோசீன வேலைக்குப் போன எத்தனையோ புதுச்சேரிக் குடும்பங்களின் கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. குடுவை கடை வழியாக வந்திருந்தால் அந்த வரி எனக்குக் கிடைத்திருக்காது.

புதுச்சேரிக்கு அருகே பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் மண்ணில் கண்ணாடி மணிகள் ஏராளம். 1945-இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது எது எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் அங்கே கிடைத்தவற்றுக்கு இன்று காலம் சொல்ல முடிகிறது. நம் வீட்டு அலமாரிக்கு மட்டும் அந்தக் குறிப்பு வேண்டாமா?

சட்டத்துக்கும் இந்தச் சீட்டு உதவும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. முத்திரையும் இல்லை, சீட்டும் இல்லை என்றால் அதன் வயதை யார் சொல்வது?

தெருப் பெயர், வாங்கியவர், ஏறக்குறைய எந்த வருடம், எந்த விசேஷத்துக்கு வெளியே எடுப்பீர்கள் என்பது வரை எழுதுங்கள். பழம்பொருள் கடைக்காரர்கள் அந்தச் சீட்டைப் பிரிக்காமல் அடுத்தவர் கைக்குக் கொடுக்கட்டும். வாங்குபவர்களும் கேட்டு வாங்குங்கள். இந்தச் சீட்டுகளின் நகலைப் பெற்றுப் பதிந்து வைக்க நம் அருங்காட்சியகம் ஒரு பேரேடு திறக்க வேண்டும்.