கதவைக் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளே!



பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரும். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் லீவு வந்தால், "சார், ஊட்டி போகலாமா, கொடைக்கானல் போகலாமா?" என்று கேட்பீர்கள். இப்போது, "சார், அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போகலாமா?" என்று கேட்கிறீர்கள். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியாவின் எம்ப்ரஸ் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றத் தொடங்கியது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ஏறுகிறவர்களும் நம்மில் உண்டு. போங்கள். உழைத்த காசு, தாராளமாகப் போங்கள். எனக்குக் கப்பலோடு சண்டை இல்லை. நீங்கள் கேபின் போடும் விதத்தோடுதான் சண்டை.

அதில் இரண்டு விதம் பார்க்கிறேன்.

முதல் விதம்: மகனும் மருமகளும் பிள்ளைகளும் ஒன்பதாவது டெக்கில். தாத்தா பாட்டி நான்காவது டெக்கில், ஜன்னல் இல்லாத உள் கேபினில். "லிப்ட் இருக்கே சார்" என்று பதில்.

இரண்டாவது விதம்: மகனும் மருமகளும் பால்கனி கேபினில். தாத்தா, பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள், நாலு பேரும் ஒரே உள் கேபினில். இதற்கு "பேமிலி டிரிப்" என்று பெயர். பிள்ளை பார்த்துக்கொள்ள சம்பளமில்லாத ஆள் கூட்டிப் போவதற்கு என்ன பெயர் என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டுக்கும் மாற்று இருக்கிறது. கனெக்டிங் கேபின். அடுத்தடுத்த இரண்டு கேபின்கள், நடுச்சுவரில் ஒரு கதவு. வராந்தாவுக்குப் போகாமலே இங்கிருந்து அங்கே போகலாம். வேண்டாத நேரம் சாத்திக்கொள்ளலாம். பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் நடுவில் சுவர் எழுப்பினாலும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு கதவு விட்டுக் கட்டிய வீடுகள் நம் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. அதே கதவுதான் இது.

உடனே மூன்று சமாதானம் வரும். ஒவ்வொன்றாக எடுப்போம்.

"செலவு அதிகம் சார்." கணக்கு வாத்தியாரிடமா? கப்பலில் கேபினுக்கு முதல் இரண்டு பேர்தான் முழுக்கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. முழுக்கட்டணம் 100 பங்கு, குறைந்த கட்டணம் 60 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரை 4, 2 என்று ஒரே வகைக் கேபின்கள் இரண்டில் போட்டால் 320 கூட்டல் 200, மொத்தம் 520. அதே ஆறு பேரை 3, 3 என்று போட்டால் 260 கூட்டல் 260. அதுவும் 520தான்! தாத்தா பாட்டியோடு பெரிய பேரன், அப்பா அம்மாவோடு சின்னவள், நடுவில் கதவு. ஒரு பைசா கூடவில்லை. கதவுக்கென்று பொதுவாகத் தனிக் கட்டணமும் கிடையாது, கேபின் வகைக்குத்தான் விலை. பெரியவர்களுக்கு மட்டும் மலிவான கேபின் போட்டு மிச்சம் பிடித்தீர்கள் என்றால், அந்த மிச்சம் அவர்களுடைய ஜன்னலிலிருந்து எடுத்தது. அதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள்.

"கேபினில் தூங்கத்தானே போகிறோம்?" நீங்கள் தூங்க மட்டும் போகிறீர்கள். எழுபது வயதுக்காரர் மதியம் படுக்க வேண்டும், மாத்திரை போட வேண்டும், இரவில் நாலு தரம் எழுந்திருக்க வேண்டும். பாதிப் பயணம் அவருக்கு அந்த அறையில்தான். குளியலறை வாசலில் கால் இடறும்படி ஒரு உயரப்படி இருக்கும். என் உறவில் ஒரு குடும்பம் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறியது. எந்தக் கப்பல், எந்த ஏஜென்ட் என்பது இங்கே வேண்டாம். "பக்கத்திலேயே கிடைக்கும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வேறு வேறு டெக். இரவு இரண்டு மணிக்குப் பெரியவருக்குத் தலைசுற்றல். அந்த அம்மாவுக்குப் போனில் எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியவில்லை. வெளியே வந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். யாரோ ஒரு ஊழியர் பார்த்து உதவிய பிறகுதான் மகனுக்குத் தகவல் போனது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நடுவில் கதவு இருந்திருந்தால் தட்டினால் போதும்.

ஆபத்துக் காலத்தையும் நினையுங்கள். கப்பலில் எங்கே போய்க் கூடவேண்டும் என்பதைப் பெரும்பாலும் கேபினை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள். டெக் மாறினால் கூடும் இடமும் மாறலாம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியைத் திருத்தினார்கள். அப்படி ஒரு நேரத்தில் நீங்கள் ஒரு பக்கம், பெற்றவர்கள் ஒரு பக்கம் என்று ஓட வேண்டுமா?

"அப்பாவே சொல்லிட்டார் சார், எங்களுக்கு எது இருந்தாலும் போதும்னு." மூன்றில் எனக்கு அதிகக் கோபம் வருவது இதற்குத்தான். அது பதில் இல்லை, பழக்கம். உங்களுக்கு மீனின் நடுத்துண்டை வைத்துவிட்டு, "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்று சொன்னார்களே, அதே பழக்கம். அன்றைக்கு நம்பினீர்கள், சின்னப் பிள்ளைகள். இன்றைக்கு நாற்பது வயதில் நம்புவது சௌகரியத்துக்காக.

மருமகள்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. தனிமை வேண்டும் என்று மருமகள் கேட்பது தப்பே இல்லை. கதவு வைத்த கேபின் அதற்கும் சேர்த்துத்தான். பெரியவர்களே, திறந்து கிடந்தாலும் தட்டிவிட்டுப் போங்கள். இளையவர்களே, அந்தப் பக்கமிருந்து தாழ் போட்டால் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பாட்டிக்கும் கடல் பார்க்க உரிமை உண்டு. அந்தக் கதவு இருபக்கமும் தாழ் உள்ள கதவாக இருந்தால்தான் மரியாதை.

இனி வேலையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். "அட்ஜாயினிங்", "அட்ஜசென்ட்" என்றால் பக்கத்து அறை, அவ்வளவுதான். நடுவில் கதவு இருப்பது "கனெக்டிங்" மட்டுமே. அந்தச் சொல்லையே சொல்லுங்கள். இரண்டு கேபின் எண்களையும் எழுத்தில் வாங்கி, டெக் வரைபடத்தில் கதவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். "கேபினை நாங்களே பிறகு ஒதுக்குவோம்" என்கிற மலிவு டிக்கெட்டை எடுக்காதீர்கள், அதில் கதவும் வராது, பக்கமும் வராது. இப்படிப்பட்ட கேபின்கள் கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் போடுங்கள். கதவு வரும் சுவரில் சில கப்பல்களில் சோபா இருக்காது, அதனால் மூன்றாவது ஆளுக்குப் படுக்கை எங்கே என்று கேளுங்கள். மேல் படுக்கைக்கு ஏணி, அது பேரனுக்கு. நடுப்பகுதி, கீழ் டெக் என்றால் ஆட்டம் குறைவு. கதவு வழியாகச் சத்தம் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். உங்கள் அப்பாவின் குறட்டைதானே, கேளுங்கள். ஏறியவுடன் ஊழியரிடம் கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள், பூட்டித்தான் வைத்திருப்பார்கள். ரயிலில் எஸ்-3, எஸ்-7 என்று பிரிந்து விழுந்தால் யாரையாவது கெஞ்சி மாற்றிக்கொள்ளலாம். கப்பலில் அது நடக்காது.

ஒரு கேபினுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்குக்குப் போன நம் ஜனங்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். பாய் விரித்த இடம்தான் அறை. அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம். ஆனால் அந்தப் பாயில் கிழவியும் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். சுவரும் கதவும் வாங்க வசதி வந்த பிறகு நாம் சுவரை மட்டும் வாங்குகிறோம்.

நம் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த ஊர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வரத் தொடங்கியது முதல் இந்தச் சாலை முழுக்க ஆலை. உங்களில் பலர் அதில் படியேறி பெங்களூரு, துபாய், டெட்ராய்ட் என்று போய்விட்டீர்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் 18,720 படுக்கைகள், அறைக்கு ஆறு பேர். வீட்டை விட்டு வந்து, முன்பின் தெரியாதவர்களோடு அறை பகிர்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகள். பெற்றவர்களோடு இருக்க அவர்களுக்கு வழி இல்லை. உங்களுக்கு வருஷத்தில் மூன்று இரவு, நாலு இரவு வழி இருக்கிறது. அதையும் டெக் டெக்காகப் பிரித்துப் போட்டால், டைல்ஸ் போட்ட பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவர்களை மிதக்கிற வீட்டிலும் தனியாக வைத்தீர்கள் என்றுதானே ஆகும்?

அதனால் அடுத்த தரம் புக் பண்ணும்போது, "எது இருந்தாலும் பரவாயில்லையாப்பா?" என்று கேட்காதீர்கள். வரைபடத்தை விரித்துக் காட்டி, "இந்த ரெண்டில் உங்களுக்கு எது வேணும்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அவர்களிடம் அப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லை. காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார் (ஓய்வு),
சுங்குவார்சத்திரம்.