குப்பை இழிவன்று, கலப்பே இழிவு!

குப்பை என்னும் சொல் இழிபொருள் குறித்து எழுந்ததன்று. குவிந்து கிடப்பது குப்பை. பழந்தமிழர் நெற்குவியலையும் குப்பை என்றே வழங்கினர். வயலுக்கு எரு கொண்டு சேர்ப்பதைக் குப்பை அடித்தல் என உழவர் இன்றும் கூறுவர். திருக்குறளின் உழவுப் பகுதியோ, எருவிடுதலை ஏரோட்டுதலினும் மேலாக வைத்தது. இம்மரபில் வந்த மக்களே, நிலத்திற்கு உணவாக வேண்டியதை நெகிழிப் பையில் கட்டித் தெருமுனையில் எறிகின்றனர்! வீட்டைத் துப்புரவாக்கி ஊரை அழுக்காக்கும் இச்செயலை நாகரிகம் என்றும் எண்ணிக்கொள்கின்றனர்.

எறியப்படுவது எங்கே போகிறது? சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அது பல்லாண்டுகளாக மலையெனக் குவிந்தது. பெருங்குடிக் குவியல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையே விழுங்கி வளர்ந்தது. 2022 ஏப்பிரல் இறுதியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. உணவுக் கழிவு காற்றுப் புகாமல் அழுகும்பொழுது மீத்தேன் என்னும் எரிவளி தோன்றுகிறது. அது தீக்கு இரையாவதோடு உலக வெப்பத்தையும் மிகுவிக்கிறது. எறிந்தவர் பலர் தொலைவில் இருக்க, புகையை உண்டவர் அருகில் வாழ்ந்த மக்களே.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சோறும் மீன்முள்ளும் உடைந்த கண்ணாடியும் மருந்தூசியும் ஒன்றாகக் கொட்டப்படும்பொழுது, அவற்றைக் கையால் பிரிப்பவர் யார்? பிறப்பின் பெயரால் வழிவழியாக இத்தொழிலுக்குள் தள்ளப்பட்ட துப்புரவுத் தொழிலாளரே! மேடையில் சாதியைச் சாடிவிட்டு, வீட்டுக் கழிவைக் கலந்து அவர்தம் கைகளில் திணிப்பவரின் சாதியொழிப்பு வெறும் வாய்ப்பேச்சே.

தீர்வு அரியதன்று. வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி மட்கக் கூடியதே. 2016-இல் இந்திய அரசு வகுத்த திண்மக் கழிவு மேலாண்மை நெறிமுறைகள், அதனை வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் எனக் கட்டாயமாக்கின. பிரித்ததைத் தொலைவுக்குச் சுமக்காமல் தெருவிலேயே எருவாக்குதல் வேண்டும். இருபது முப்பது வீட்டார் ஒன்றுகூடிப் பொது எருத்தொட்டிகள் அமைக்கலாம். அடியில் சுள்ளி பரப்பி, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு சேர்த்து, பிழிந்த துணியளவு ஈரம் காத்து, கிழமைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். மூன்றடி உயரக் குவியலில் நுண்ணுயிர்கள் நன்கு இயங்கினால் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும்; களைவிதைகள் அழியும். இரண்டு மூன்று திங்களில் மண்மணம் கமழும் எரு கிடைக்கும்.

நாறுமே என அஞ்சுவோர் உளர். நாற்றம் எருவின் இயல்பன்று, பேணாமையின் விளைவு. ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்தால் நாறும். சருகு சேர்த்துக் கிளறினால் நின்றுவிடும். ஆகவே, தொட்டி கட்டுவதைவிட, சருகு சேர்ப்பவர் யார், கிளறுபவர் யார் என முறை வகுப்பதே முதன்மையானது. அம்முறையில் தெருவின் எல்லா வீட்டாரும் இடம்பெறல் வேண்டும். கூலிக்கு ஒருவரை அமர்த்திவிட்டு மூக்கைப் பொத்தி ஒதுங்குவது, பழைய இழிவுக்கே திரும்புவதாகும்.

தன் தெருக் குப்பையைத் தொடக் கூசுபவன், தாய்நிலத்தைக் காப்பேன் என முழங்குவதில் பொருளில்லை. ஊர்தோறும் ஒரு தெரு முதலில் எழட்டும்! மற்றவை தாமே பின்தொடரும்.