பேட்டையை இடிக்க வேண்டாம்

எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் பொதுக்குழுவில் சென்ற மாதம் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. சங்கத்துக்குச் சொந்தமான பழைய பேட்டைக் கட்டடத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு மாடியில் 24 கடைகள் கொண்ட வணிக வளாகம் கட்டுவது என்று. கைதட்டலோடு நிறைவேற இருந்தது. நானும் வேறு நாலு பேரும் எழுந்து ஆட்சேபித்ததால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச நேரம் தரவில்லை. ஆகவே சொல்ல வேண்டியதை நமது ஏட்டின் வாயிலாக எழுதுகிறேன். இதே மாதிரிக் கட்டடம் வைத்திருக்கும் மற்ற ஊர் வியாபாரிகளும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இளைய உறுப்பினர்கள் பலருக்குப் பேட்டை என்றால் ஓர் ஊர்ப் பெயரின் பின்பாதி, அவ்வளவுதான். சரக்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒரு ராத்திரியில் பத்துப் பதினைந்து மைல்தான் போகும். விடிந்தால் மாட்டை அவிழ்க்க வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். வண்டிக்காரன் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். வழிப்பறி பயம் வேறு. அதற்காக வியாபாரிகள் ஒன்று சேர்ந்து உயரமான மதில் எழுப்பி, பெரிய கதவு போட்டுக் கட்டியதுதான் பேட்டை. தங்குமிடம், கிட்டங்கி, கடை, சந்தை எல்லாம் ஒரே கூரையின் கீழ். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய 6 ஊர்களும் 19-ஆம் நூற்றாண்டில் வியாபாரத்தில் தலையெடுத்தது இந்தப் பேட்டைகளை வைத்துத்தான். உள்ளே வந்த சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். அந்தப் பொதுப்பணம் கோயிலுக்குப் போயிற்று, குளத்துக்குப் போயிற்று, பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. இன்று நாம் சங்கம் என்று சொல்லி ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறோமே, அதன் ஆரம்பம் அந்தக் கதவுக்குள்ளேதான்.

எங்கள் பேட்டையின் தலைவாசல் நிலைக்கு மேல் "விரோதி வருஷம் தை மாசம்" என்று வெட்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் 1890 ஜனவரி. (1949-இலும் ஒரு விரோதி வருஷம் வந்தது. ஆனால் என் தாத்தா சிறு பையனாக அங்கே வேலைக்கு நின்றவர், ஆகவே சந்தேகம் இல்லை.) ரோட்டைப் பார்த்து நாலு கடை, நடுவில் வண்டி நுழையும் வாசல், உள்ளே முற்றம், கிணறு, கல்தொட்டி, மூன்று பக்கமும் கிட்டங்கி. மேற்குத் திண்ணைக் கல் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். தரகர்கள் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசிய இடம் அது. நான் 1976-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கடைக்கு வந்தபோது மாட்டுவண்டிகள் குறைந்து லாரி வந்துவிட்டது. இருந்தாலும் சந்தை நாளில் பத்து வண்டியாவது முற்றத்தில் நிற்கும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2004-இல் என் தகப்பனார் கடையை இடித்துக் கான்கிரீட் கட்டியவன் நான். அந்தக் கடைக்கு 11 பலகைகள் கதவாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தமிழ் எண் செதுக்கியிருக்கும். வரிசை மாறினால் கடை பூட்டாது. தமிழ் எண்களை நான் பள்ளியில் கற்கவில்லை, அந்தப் பலகைகளில்தான் கற்றேன். பலகை, தேக்குத் தூண், கல்லாப்பெட்டி, வீசைக் கல், இரும்புப் படி எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு பழைய சாமான்காரருக்கு எடைக்குக் கொடுத்தேன். மூன்று வருஷம் கழித்துக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லாப்பெட்டி போலவே ஒன்று மெருகு போட்டு நின்றது. விலை கேட்டேன். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிய தொகையைப் போல நாலு மடங்கு சொன்னார்கள். வியாபாரியாகவும் நான் தோற்றேன் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று, அந்தக் கான்கிரீட் அறையில் சித்திரை மாதம் வெல்லம் அடுக்க முடிகிறதில்லை, இளகிவிடுகிறது. இன்றைக்கும் என் வெல்லமும் புளியும் வாடகைக்குப் பேட்டைக் கிட்டங்கியில்தான் இருக்கின்றன. இரண்டடிச் சுவர், உயரமான மேல்தளம், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை. அந்தக் குளிர்ச்சிக்குக் கரண்ட் பில் கிடையாது.

வளாகம் கட்டினால் வாடகை வரும் என்கிறார்கள். கீழ்த்தளத்துக்கு வரும், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து ஊரில் கட்டிய வளாகத்தின் மாடியைப் போய்ப் பாருங்கள். பாதி ஷட்டர் திறப்பதே இல்லை. அரிசி மூட்டை வாங்க மாடி ஏறுகிறவர் யார்? செல்போனில் சொன்னால் வீட்டுக்குச் சரக்கு வரும் காலத்தில் 24 மளிகைக் கடை முன்பணத்தை நம்பிக் கடன் வாங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது. முற்றத்தை மூடிவிட்டால் லோடு லாரி எங்கே திரும்பும் என்பதற்கும் பிளானில் பதில் இல்லை.

அரசாங்கம் வந்து தடுக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். மத்திய அரசின் 1958-ஆம் வருஷச் சட்டமும் நம் மாநிலத்தின் 1966-ஆம் வருஷச் சட்டமும் அரசு அறிவித்த சின்னங்களுக்குத்தான் பாதுகாப்பு. நமது பேட்டை அந்தப் பட்டியலில் இல்லை. நாளைக்கே ஜே.சி.பி. கொண்டுவந்தால் கேட்க ஆள் கிடையாது. இருப்பதும் போவதும் நம் கையில்.

துருக்கி தேசத்தில் பூர்சா என்ற ஊரில் இதே ஏற்பாட்டில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1491-இல் கட்டியது, கோசா ஹான் என்று பெயர். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். பட்டு வியாபாரிகளுக்காகக் கட்டியது. இன்றும் அங்கே பட்டுக் கடைகள்தான் நடக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ அந்த ஊரின் பழைய கடைவீதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மியூசியமாக ஆக்கிப் பூட்டி வைக்கவில்லை, வியாபாரம் நடந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பேட்டைக்கும் நான் கேட்பது அதைத்தான்.

கூரை இரண்டு இடத்தில் ஒழுகுவது உண்மை. சுண்ணாம்புச் சுவரில் நாமே சிமென்ட் பூசினோம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே நின்று காரை உதிர்கிறது. சிமென்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து எஸ்டிமேட் வாங்கி, வளாகத்தின் எஸ்டிமேட்டோடு சேர்த்து அடுத்த பொதுக்குழுவில் வைக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவும் கூலியும் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.