செத்துப் பிறந்த பிள்ளைக்கும் கணக்கு உண்டு!

பூலாம்பாடி,

பிள்ளை உயிரோடு பிறந்தால், பால் மணம் மாறுவதற்கு முன்பே பிறப்புச் சான்று பற்றிப் பேச்சு வந்துவிடுகிறது. பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், இறப்புச் சான்று வாங்க வாரிசுகள் நடையாய் நடக்கிறார்கள். ஆனால் ஒன்பது மாதம் சுமந்த பிள்ளை இறந்தே பிறந்தால்?

துணியில் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஆண்கள் ரெண்டு பேர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். "அதைப் பத்திப் பேசாதீங்க, அவ மனசு தாங்காது" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். அதோடு சரி!

அந்தப் பிள்ளைக்கும் சர்க்கார் பதிவேட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும். அதுதான் சட்டம். பெற்றவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "போன பிள்ளைக்கு என்ன பதிவு?" என்று விட்டுவிடுகிறார்கள். விடலாமா? அந்த ஒரு வரியில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்தால், விடக்கூடாது என்பது புரியும்.

சட்டம் சொல்வது என்ன?

நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டு வந்தது. "பிறப்பு" என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. உயிரோடு பிறப்பதும் பிறப்பு, இறந்து பிறப்பதும் பிறப்பு!

"இறப்பு" என்பதற்கு விளக்கம் வேறு. உயிரோடு பிறந்த ஒருவரிடம் உயிரின் அடையாளம் முழுவதும் மறைந்தால்தான் அது இறப்பு. ஆகவே, தாயின் வயிற்றிலேயே உயிர் போன பிள்ளை சட்டத்தின் கண்ணில் "இறந்தவர்" அல்ல. அதன் பதிவு பிறப்போடு சேர்ந்தது. இறப்புச் சான்று கேட்டுப் போனால் கிடைக்காது. காரணம் இதுதான்.

தமிழ்நாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டில் எழுதப்பட்டபோது மூன்று படிவங்கள் வைத்தார்கள். பிறப்புக்கு 1, இறப்புக்கு 2, இறந்து பிறந்த பிள்ளைக்கு 3. அந்த மூன்றாம் படிவத்தில் தேதி, ஆணா பெண்ணா, தாய் தகப்பன் பெயர், தாயின் வயது, படிப்பு, பிரசவம் பார்த்தது யார், எத்தனை வாரக் கர்ப்பம், இறந்த காரணம் தெரிந்தால் அது, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பிள்ளையின் பெயருக்கு மட்டும் இடம் இல்லை!

28 வாரக் கணக்கு

எல்லாக் கர்ப்ப இழப்பும் இந்தப் பதிவுக்குள் வராது. 28 வாரம் நிறைந்திருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஆறரை மாதம். உலக சுகாதார நிறுவனமும் நாட்டுக்கு நாடு ஒப்பிட 28 வாரத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறது.

27 வாரமா, 28 வாரமா என்ற ஒரு வார வித்தியாசம், பதிவேட்டில் வரி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. அதனால்தான் கர்ப்பம் தெரிந்தவுடன் செவிலியரிடம் போய்ப் பதியவேண்டும், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைச் சரியாகச் சொல்லவேண்டும். ஸ்கேன் சீட்டையும் பத்திரமாக வைக்கவேண்டும்.

நம் மாநிலத்தில் கர்ப்பிணிக்குப் "பிக்மி" நம்பர் கொடுக்கிறார்கள். 12 இலக்கம். பிள்ளை பிறந்ததும் பிறப்புச் சான்று வாங்க அது தேவை என்று 2017 அக்டோபர் முதல் ஆக்கினார்கள். கர்ப்பத்துக்கு நம்பர் கொடுக்கிற சர்க்கார், அந்தக் கர்ப்பம் சோகத்தில் முடிந்தால் குடும்பத்தின் கையில் என்ன கொடுக்கிறது? அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு மூச்சு விட்டால்...

இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. ஜனங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்.

குழந்தை வெளியே வந்தபின் ஒரே ஒரு மூச்சு விட்டாலும் போதும். உயிரின் வேறு அடையாளம் எதைக் காட்டினாலும் போதும். அது உயிரோடு பிறந்த குழந்தை! எத்தனை வாரக் கர்ப்பம் என்ற கேள்வியே அங்கு கிடையாது. அடுத்த நிமிடமே இறந்தாலும் அதற்கு ரெண்டு பதிவு உண்டு. பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. ரெண்டுக்கும் சான்று வாங்கலாம்.

அதையே "இறந்து பிறந்தது" என்று எழுதிவிட்டால்? ரெண்டும் போச்சு! அந்தப் பிள்ளை வாழ்ந்த ஒரு நிமிடமும் அழிந்துபோகிறது. ஊரின் சிசு மரணக் கணக்கிலும் ஒன்று குறைந்துவிடுகிறது. சிசு மரணம் என்றால் விசாரணை, ரிப்போர்ட் என்று வேலை நீளும். "இறந்து பிறந்தது" என்றால் சுருக்கமாக முடியும் என்ற நினைப்பு எங்கும் வரக்கூடியது. உலகத்தில் பல நாடுகளில் இந்த ரெண்டும் மாறிப் பதிவாவதை ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

தாய் மயக்கத்தில் இருப்பாள். அவளுக்குத் தெரியாது. கூட நிற்கும் மாமியாரோ, அம்மாவோ, நாத்தனாரோ ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "பிள்ளை அழுதுச்சா? மூச்சு இருந்துச்சா?" பதில் என்ன என்பது கேஸ் சீட்டில் இருக்கவேண்டும்.

எங்கே எழுதுவது?

ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தால், தகவல் கொடுக்கவேண்டியது அந்த ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர். தனியார் ஆஸ்பத்திரியும் இதற்கு விலக்கு அல்ல. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர். கெடு 21 நாள்.

21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒரு வருடமும் தாண்டினால் முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகவேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் கலெக்டர், சப்-கலெக்டர் பக்கம் வந்திருக்கிறது.

இன்னொன்று. குடியிருக்கும் ஊரில் பதிவு கிடையாது. பிரசவம் நடந்த ஊரில்தான் பதிவு! பூலாம்பாடி பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகா. ஆனால் சேலம் மாவட்ட எல்லை கூப்பிடு தூரம். வலி கண்டால் பெரம்பலூர் போகிறவர்களும் உண்டு, ஆத்தூர் போகிறவர்களும் உண்டு, சிக்கல் என்றால் திருச்சிக்கு அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. பிள்ளையைப் பூலாம்பாடியில் புதைத்திருக்கலாம். ஆனால் பிரசவம் ஆத்தூரில் என்றால் பதிவும் ஆத்தூரில்தான். பூலாம்பாடி பேரூராட்சி ஆபீசில் போய்த் தேடினால் கிடைக்காது. பக்கத்துக் கிராமத்து வீட்டில் பிறந்திருந்தால் அந்தக் கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டும்.

கையில் காகிதம் இல்லை

பிறப்புச் சான்றுக்கு ஒரு படிவம், இறப்புச் சான்றுக்கு ஒரு படிவம் வைத்த விதிகள், இறந்து பிறந்த பிள்ளைக்குத் தனிச் சான்றுப் படிவம் வைக்கவில்லை. பதிவேட்டில் வரி ஏறும். சர்க்கார் கணக்கில் சேரும். பெற்றவள் கையில் ஒன்றும் வராது!

பூலாம்பாடியில் மலேசியா போய்ப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2023 அக்டோபர் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டமும் ஆகிவிட்டது. இறந்து பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகப்போவதில்லை. அதனால் காகிதம் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும். காகிதம் பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு!

இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டு முதல் இந்தப் பதிவு நடக்கிறது. அங்கும் முதலில் 28 வாரம்தான். 1992ஆம் ஆண்டில் 24 வாரமாகக் குறைத்தார்கள். பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் பெயரையும் எழுதலாம். 24 வாரத்துக்கு முன் இழந்தவர்களும் கேட்டால் ஒரு சான்று கொடுக்கும் ஏற்பாடு 2024 பிப்ரவரியில் வந்தது.

நம் பழைய வழக்கமும் இதற்கு மாறானது அல்ல. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்று 74ஆம் பாட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். இறந்து பிறந்த குழந்தையையும் மறவர் கணக்கில் சேர்த்து, வாளால் கீறிப் புதைத்த குலம் அது.

அதே தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நடந்தது என்ன? மிக்ஜாம் புயல் வெள்ளம். சென்னை புளியந்தோப்பில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து அந்தக் குழந்தையை அட்டைப்பெட்டியில் வைத்துத் தகப்பனிடம் கொடுத்தார்கள். விஷயம் வெளியே வந்து பெரும் பரபரப்பு ஏற்பட்டது. ஊழியர் ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

லீவுக்கும் வேண்டும்

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பதிவு இன்னொரு வகையிலும் முக்கியம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் "குழந்தை" என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்துத்தான் என்று சொன்னது. 26 வாரத்துக்குள் கலைந்தால் ஆறு வார லீவு. அதற்குப் பிறகு என்றால் அது பிரசவம். அந்தச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் தனி லீவு என்று 2022 செப்டம்பரில் உத்தரவு வந்தது.

"பிள்ளையே இல்லையே, பிறகு எதுக்கு லீவு?" என்று கேட்கும் மேனேஜருக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல இந்த விவரம் வேண்டும். ஆனால் சின்ன வெங்காயம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் போகும் பெரம்பலூர்க் கூலிப் பெண்ணுக்கு லீவு என்ற சொல்லே கிடையாது. மார்பில் பால் கட்டி, காய்ச்சலோடு காட்டுக்குப் போகிறாள்.

எண்ணினால்தான் காக்கலாம்

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 20 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அதில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம்! 40 சதவீதத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பிரசவ வலி தொடங்கிய பிறகு போனவை. அதாவது, நேரத்துக்கு வண்டி, நேரத்துக்கு டாக்டர், நேரத்துக்கு ஆபரேஷன் இருந்தால் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

1000 பிறப்புக்கு 10க்கும் கீழே இதைக் கொண்டுவருவது என்று 2014ஆம் ஆண்டில் மத்திய அரசு திட்டம் போட்டது. கெடு 2030. பதிவேட்டில் ஏறாத பிள்ளையை எந்தத் திட்டமும் எண்ண முடியாது.

ரத்தக் கொதிப்பா, சர்க்கரையா, ரத்தசோகையா, தொற்றா, தாமதமா? காரணம் எழுதப்பட்டால் அடுத்த கர்ப்பத்தில் டாக்டர் உஷாராக இருப்பார். எழுதாமல் விட்டால் "விதி" என்று பெயர். பழி மட்டும் தாய் மீது! "ராசி இல்லாதவ" என்ற சொல்லை அவள் காலமெல்லாம் சுமக்கவேண்டும்.

எனவே இப்படி ஒரு துக்கம் வந்தால், குடும்பத்தில் ஒருவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மூன்று காரியம் செய்யவேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை வாரம், மூச்சு இருந்ததா, என்ன காரணம் என்று எழுதி வாங்கவேண்டும். பதிவுக்குத் தகவல் போய்விட்டதா என்று 21 நாளுக்குள் கேட்கவேண்டும். அந்தச் சீட்டைக் கிழிக்காமல் அடுத்த கர்ப்பம் வரை வைத்திருக்கவேண்டும்.

சர்க்கார் செய்யவேண்டியது ஒன்றுதான். பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு வரியைப் பிள்ளையின் பெயரோடு ஒரு காகிதத்தில் எழுதிப் பெற்றவளிடம் கொடுக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை!