காமிரா வாங்கிய கதை

என் மருமான் ஒருவன் உறையூரில் இருக்கிறான். சென்ற மாதம் அவனுக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்தது. உறையூர்த் தெருக்களில் நடமாடும் ஜனங்களை, அவர்கள் இருக்கிறபடியே படம் பிடிக்க வேண்டுமாம்.

"சோழர்கள் அரசாண்ட ஊர், மாமா! கோயில் கோபுரத்தை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். தறியில் புடவை நெய்கிறவரையும், சாலை ரோட்டில் பூ விற்கிற அம்மாளையும் யார் எடுக்கிறார்கள்?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அவன் இரவல் வாங்கி வந்த காமிரா இருக்கிறதே, அதைக் கழுத்தில் மாட்டிக் கொண்டால் எவ்வளவு நிமிர்ந்த மனிதனும் குனிந்து விடுவான். அதன் மூக்கு மட்டும் ஒரு சாண் நீளம். அதைச் சுமந்து கொண்டு ஒரு டீக்கடைக்குப் போனோம். வெகு சுவாரஸ்யமாக அரசியல் பேசிக் கொண்டிருந்த நால்வரும் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மீசையை முறுக்கினார். ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கொண்டார். மூன்றாமவர், "எந்தப் பத்திரிகை, ஸார்?" என்று விசாரித்தார். நாலாமவர் எழுந்தே போய்விட்டார். படம் என்னவோ தெளிவாகத்தான் விழுந்தது. கலியாண வீட்டுக் குரூப் போட்டோவைப் போல!

திருச்சிராப்பள்ளிக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் நம் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்த படங்கள் 1858-இல் வெளியாயின. பெரிய பெட்டிக் காமிரா, முக்காலி, மெழுகேற்றிய காகித நெகடிவ். அதில் வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும். பாறையும் கோபுரமும் பொறுமையாக நின்றன, அற்புதமாக விழுந்தன. நடந்து போகிற மனிதன் அந்தக் காகிதத்தில் எப்படித் தங்குவான்?

அவனைப் பிடிக்க வழி செய்தது, ஜெர்மனியில் 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா. சினிமாப் பிலிமில் 36 படம். கோட்டுப் பையில் அடங்கும் உருவம். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் அதன் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக் கொண்டு உலகம் சுற்றினார். 1950-இல் ரமண மகரிஷி சித்தியடைந்த சமயம் திருவண்ணாமலையிலும் இருந்தார். அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், காமிராவைக் கோட்டுக்குள் ஒளித்து, பொத்தான்களின் இடைவெளி வழியாக எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் புஸ்தகமாக வந்தது 1966-இல். இடையில் கழிந்த இந்தக் கால் நூற்றாண்டை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இனி, காமிரா வாங்குகிற விஷயம். உருவம் சிறியதாக இருக்க வேண்டும் என்பது டீக்கடையிலேயே தெரிந்து விட்டது. அடுத்தது சத்தம். எஸ்.எல்.ஆர். காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளேயிருக்கும் கண்ணாடி 'டபக்' என்று மேலே எழும்பும். பத்தடி தூரத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் அமைந்த காமிராவில் அந்தத் தொல்லை இல்லை. காதருகே வைத்தால்தான் கேட்கும். எலெக்ட்ரானிக் ஷட்டருக்குச் சத்தமே கிடையாது. ஆனால் வேகமாகப் போகிற ஆட்டோரிக்ஷா படத்தில் சாய்ந்து விழும். டியூப் லைட்டுக்கடியில் பட்டை பட்டையாய்க் கோடுகள் விழும்.

மூன்றாவது, லென்ஸ். தூரத்திலிருந்து இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸ், மரத்தின் பின்னால் நின்று பார்க்கிறவனுடைய பார்வை. 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸானால் அருகில் போயே தீர வேண்டும். ஆளோடு தெருவும் சேர்ந்து விழும். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. 28 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8-இல் வைத்து, எட்டடிக்குக் குறி பார்த்து நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஐந்தடியிலிருந்து முப்பதடி வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அப்புறம் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டு போக வேண்டிய அவசியமில்லை.

கைபேசி போதாதா என்று கேட்கலாம். அதை யாரும் லட்சியம் செய்வதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் முகத்துக்கு நேரே கையை நீட்டிப் பிடித்தவுடன் குழந்தைக்குக் கூட விஷயம் விளங்கிவிடும். கடைசியில் எங்களிடையே போட்டி போட்டவை இரண்டு. ஒன்று, 2011 முதல் வருகிற புஜி எக்ஸ் 100 வரிசை: 35 மில்லிமீட்டர் பார்வை, இதழ் ஷட்டர், கண் வைத்துப் பார்க்க நல்ல ஜன்னல். மற்றொன்று, 2019-இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3: 28 மில்லிமீட்டர் பார்வை, 257 கிராம் எடை, சட்டைப் பையில் அடங்கும். இதற்கு ஜன்னல் கிடையாது. பாட்டரியும் சீக்கிரம் தீரும். மருமான் ஒரு பழைய ரிக்கோவை வாங்கினான்.

அன்று சாயங்காலமே வெக்காளியம்மன் கோயில் தெருவுக்குப் போனோம். கருவறைக்கு மேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் இருக்கும் அம்மன் அவள். ஜனங்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். கோயிலுக்கு வெளியே ஒரு திண்ணையில் வயதான அம்மாள் ஒருத்தி, முழங்காலில் சீட்டை வைத்து, நிறுத்தி நிறுத்தி எழுதிக் கொண்டிருந்தாள். மருமான் இடுப்பருகே காமிராவைப் பிடித்தபடி அவளைக் கடந்து சென்றான். அவள் நிமிரவே இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தோம். எத்தனை அழகான படம்! சாய்ந்த வெயில், நெற்றிச் சுருக்கம், பேனா பிடித்த விரல்கள். மருமான் பெரிதாக்கிக் கொண்டே போனான். இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் கொண்ட படமல்லவா? சீட்டிலிருந்த எழுத்து தெளிந்தது. ஒரு வரி படித்தோம். இரண்டாவது வரிக்கு இருவருமே போகவில்லை.

"அம்மனுக்கு எழுதியது, மாமா" என்றான் அவன். படத்தை அழித்து விட்டான்.

எவன்ஸ் ஏன் அத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது அப்போது எனக்குக் கொஞ்சம் விளங்கிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தெருவுக்கு வருகிறவர் அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

மறுவாரம் அதே டீக்கடைக்குப் போனோம். மருமான் காமிராவை ஒளிக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் வைத்து டீ குடித்தான். "இதுவும் காமிராவா?" என்று சிரித்தார் மீசைக்காரர். ஐந்து நிமிஷத்தில் அதை மறந்து அரசியலுக்குத் திரும்பி விட்டார்கள். அப்போது எடுத்த படத்தில் நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆளுக்கொரு பிரதி கொடுத்தோம். ஒன்று கடைச் சுவரில் தொங்குகிறது.

ஆகவே, காமிரா வாங்கப் போகிறவர்கள் சிறியதாக, சத்தமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எடுத்த படத்தை அதிலிருப்பவர் கையில் கொடுக்க முடியுமா என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்க முடியாது. தன்னைத்தானே கேட்டுக் கொள்ள வேண்டும்.

அந்தச் சீட்டின் முதல் வரி என்ன என்று நேயர்கள் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்வதாக இல்லை.