நாலு வருஷ கோர்ஸ்... எட்டு வருஷ முயல்!

கூடைக்குள்ள ரெண்டு வெள்ளை முயல் குட்டி. பெரம்பலூர் சந்தையோ, அரியலூர் பக்கத்துத் திருவிழாவோ, பார்த்த உடனே நம்ம பசங்க கை பர்ஸுக்குப் போயிடும். 'சோ ஸ்வீட்'னு ஒரு குரல் பின்னாடி கேட்டா, பேரம்கூடப் பேச மாட்டாங்க!

வாங்குறது சீப்தான் பாஸ். ஆனா, நல்லாப் பார்த்துக்கிட்டா வளர்ப்பு முயல் 8 முதல் 10 வருஷம் வரைக்கும் வாழும். பி.இ. முடிக்க 4 வருஷம். நாலைஞ்சு அரியர் வெச்சாலும் ஜெயிக்கப்போறது முயல்தான்! அதனால, 'எவ்ளோண்ணே?'னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'செமஸ்டர் லீவுல இதை யார் பார்த்துப்பாங்க?'னு உங்களையே கேட்டுக்கோங்க. ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்கு இங்கேயே ஃபுல்ஸ்டாப். வீட்டுல ஓகே சொன்ன டேஸ்காலர்கள் மட்டும் மேலே படிங்க.

மெஸ் பில் ஜீரோ!

கேரட் கடிக்கிற முயல் எல்லாம் கார்ட்டூன்ல. கேரட்ல சர்க்கரை அதிகம், எப்பவாவது ஒரு துண்டு போதும். மெயின் மீல்ஸ் புல்தான். சாப்பாட்டுல 80 சதவிகிதத்துக்கு மேல பச்சைப் புல்லும் காய்ந்த புல்லுமா இருக்கணும். காரணம், பல். முயலோட முன்பல் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் வளர்ந்துக்கிட்டே இருக்கும். நார் உள்ள புல்லை அரைச்சு அரைச்சுத்தான் அது தேயும். இல்லைன்னா வாயையே மூட முடியாம பட்டினி கிடக்கும்.

அருகம்புல்லை அறுத்து, நிழல்ல ரெண்டு மூணு நாள் காயவெச்சு, சாக்குல கட்டி வைங்க. பூஞ்சை பிடிச்சிருந்தா போடாதீங்க. காய்கறிக் கடையில முள்ளங்கி இலையைக் கிள்ளி ஓரமாப் போடுவாங்க. 'அக்கா, எடுத்துக்கட்டுமா?'ன்னா யாரும் காசு கேட்க மாட்டாங்க. கொத்தமல்லி, புதினாவும் கொஞ்சம் கொடுக்கலாம். வைக்கோல் படுக்கைக்கு சூப்பர், ஆனா சத்து கம்மி. அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது.

நம்ம மாவட்டத்துக்குன்னே சில எச்சரிக்கை. பெரம்பலூர்னாலே சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தானே? வெங்காயம், வெங்காயத் தாள், பூண்டு மூணும் முயலுக்கு விஷம். ரத்தத்துல இருக்கிற சிவப்பணுக்களை உடைச்சிடும். காய்ந்த சோளம் வயித்தைக் கெடுக்கும். 2018-ல படைப்புழு இந்தியாவுக்குள்ள வந்ததுல இருந்து சோளக்காட்டுல மருந்தடிக்கிறது ஜாஸ்தி. பருத்திக்காட்டுலயும் மருந்து உண்டு. வரப்புல அரிவாளை வைக்கிறதுக்கு முன்னாடி, 'அண்ணே, கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?'னு காட்டுக்காரர்கிட்ட கேட்டுடுங்க. அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டோரப் புல்லும் வேண்டாம். அதுல புல்லைவிடத் தூசிதான் அதிகம்!

காதுதான் ரேடியேட்டர்!

கொடைக்கானல் மலையில மன்னவனூர்னு ஒரு ஊர். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தோட தென்மண்டல மையம் அங்கேதான் இருக்கு. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சிஞ்சில்லா முயல்களை எல்லாம் அந்தக் குளிர்ல வளர்க்கிறாங்க. நம்ம ஊரு சித்திரை வெயில் எப்படின்னு உங்களுக்கே தெரியும். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குக் கஷ்டம். அதுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேத்துற முக்கியமான வழி அந்த நீளக் காதுகள்தான். மெக்கானிக்கல் மக்களுக்குச் சொல்லவே வேண்டாம், பக்கா ஹீட் டிரான்ஸ்ஃபர்!

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே கூண்டு வைக்காதீங்க. வேப்பமர நிழல் பெஸ்ட். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு, துணி சுத்திக் கூண்டுக்குள்ள போட்டா முயல் அதுமேலயே சாய்ஞ்சுக்கும். ஒரு பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிட்டா, எதிர்ப்பக்கம் காத்து போக வழி விடுங்க. கவிழாத கனமான மண் சட்டியில எப்பவும் தண்ணி இருக்கணும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினா, சோர்ந்து படுத்துட்டா, காதைக் குளிர்ந்த தண்ணியால துடைச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க. பக்கெட் தண்ணியில முக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியே ஆளை முடிச்சிடும்.

தினமும் அட்டெண்டன்ஸ்!

காலேஜ் பஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் செக் பண்ணுங்க. நேத்துப் போட்ட புல் காலியாச்சா? கூண்டுக்கடியில புழுக்கை இருக்கா? 12 மணி நேரம் சாப்பிடலைன்னா, புழுக்கை போடலைன்னா எமர்ஜென்சி. சாயந்தரம் பார்த்துக்கலாம்னு விட்டா, பல நேரம் சாயந்தரம் பார்க்க முயல் இருக்காது. அது தன்னோட மெத்துன்னு இருக்கிற புழுக்கையைத் தானே திங்கும். பதறாதீங்க, அதுலதான் வைட்டமின்.

மூக்குலயோ காதுலயோ பக்கு கட்டினா அது சொறி. அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க, ஊசியிலயே சரியாகும். வீட்டுல மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலின் மாத்திரை, நாய் உண்ணிக்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரே ரெண்டுமே முயலைக் கொன்னுடும்.

'ஜோடியா வாங்கினாத்தான் வளரும் தம்பி'ம்பார் கூடைக்காரர். துணை தேவைதான். ஆனா ஆணும் பெண்ணும்னா 31 நாள்ல குட்டி, குட்டி போட்ட அன்னிக்கே அடுத்த சினைக்கு ரெடி! 1859-ல ஆஸ்திரேலியாவுல தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காகக் கொண்டு வந்த ரெண்டு டஜன் முயல்கள்தான், பின்னாடி அந்தக் கண்டத்துக்கே தலைவலியாச்சு. டாக்டர்கிட்ட காட்டி எது ஆண், எது பெண்ணுனு உறுதி பண்ணிக்கோங்க.

சோளம் அறுக்கும்போது காட்டுல கிடைக்கிற குட்டியைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. அது காட்டு முயல், வேற இனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கிறதும் வளர்க்கிறதும் குற்றம். தாய் பகல்ல குட்டியைத் தனியா விட்டுட்டு, பொழுது சாய்ஞ்சுதான் பால் கொடுக்க வரும். அது அனாதை இல்லை, அம்மாவுக்காக வெயிட்டிங்!

ஆகப் புல் ஃப்ரீ, பாட்டில் ஃப்ரீ, சாக்கு ஃப்ரீ. காசு போட்டு வாங்க முடியாத ஒரே ஐட்டம் உங்க நேரம். கேம்பஸ்ல செலக்ட் ஆகி சென்னைக்கோ பெங்களூருக்கோ நீங்க கிளம்பும்போது, முயலுக்கு டி.சி. கொடுக்க முடியாது.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாடல் எக்ஸாம். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஒரு வாரம் தினமும் காலையில 6 மணிக்கு எந்திரிச்சுப் புல் அறுத்துப் போடுங்க. ஏழாவது நாளும் எந்திரிச்சீங்கன்னா, தாராளமா முயல் வாங்கலாம். எந்திரிக்கலையா? ஆட்டுக்கு ஆறு நாள் லாபம்!